முடுக்கில் ஒரு விளக்கு

கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் பழைய வீடுகளுக்கு இரண்டு முகம் உண்டு. முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும். ஆண்கள் வந்துபோகும் வழி அது. பக்கவாசலோ பின்வாசலோ முடுக்கில் திறக்கும். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற அளவே அகலமுள்ள அந்தச் சந்துதான் இந்த ஊர்ப் பெண்களின் தெரு. உம்மா வீட்டிலிருந்து ராத்தா வீட்டுக்குப் போவதும், அங்கிருந்து கல்யாண வீட்டுக்குப் போவதும், நோன்பு மாதத்து இரவுகளில் தராவீஹ் தொழுகைக்குப் பெண்கள் தைக்காவுக்குப் போவதும் முடுக்கு வழியாகத்தான். வீடு பெண் மக்களுக்குப் போகிற ஊர் இது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த மாப்பிள்ளைகளிலும் நிறையப் பேர் தொழிலுக்காகக் கொழும்பிலோ ஹாங்காங்கிலோ வளைகுடாவிலோ இருக்கிறவர்கள். நடுராத்திரியில் வெளியே சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பது பெரும்பாலும் பெண்களும் வயசானவர்களுமே.

அந்தக் கவலையில்தான் வெளிநாட்டிலிருந்து போனில் பேசுகிற மகன், "உம்மா, வாசல்ல ஒரு ஃபோகஸ் லைட் போட்டுருவோம்" என்கிறான். கடையில் கேட்டால் 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டை எடுத்துத் தருகிறார்கள். மாடிச் சுவரில் பொருத்தி, பொழுது சாய்ந்ததும் போட்டு, விடியும்வரை எரியவிடுகிறோம். தெருவே பகலாகிவிடுகிறது. பாதுகாப்பு வந்துவிட்டது என்று மனசு நிம்மதி அடைகிறது.

அது உண்மையான பாதுகாப்புதானா என்று சில வருடங்களாக விசாரித்து வருகிறேன். ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன, கடற்காற்றும் வெள்ளமும் இந்த விளக்கை என்ன செய்கின்றன, அடுத்த வீட்டுக்கும் கடற்கரைக்கும் அது என்ன செய்கிறது என்று பார்த்தபின் நான் வந்திருக்கும் முடிவு ஒன்றுதான். நம் ஊருக்கு வேண்டியது சின்ன விளக்கு. தாழ்வாக, தரையைப் பார்த்து, நடக்கிறவருக்காக எரிகிற விளக்கு.

முதல் கேள்வி, வெளிச்சம் போட்டால் திருட்டுக் குறையுமா என்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தெருவிளக்குகளை மேம்படுத்திய 13 ஆய்வுகளைத் தொகுத்து பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் என்ற குற்றவியல் அறிஞர்கள் 2008இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். குற்றங்கள் சராசரியாக 21 சதவீதம் குறைந்திருந்தன. இதைப் படித்ததும் விளக்குக் கடைக்காரர் பக்கமே நியாயம் என்று தோன்றும். ஆனால் அதே மதிப்பீட்டில் இன்னொரு செய்தி இருக்கிறது: இரவுக் குற்றங்களோடு பகல் குற்றங்களும் குறைந்திருந்தன. பகலில் விளக்கு எரியாது. அப்படியானால் திருடனைத் தடுத்தது வெளிச்சம் மட்டுமாக இருக்க முடியாது. தெருவைக் கவனிக்க ஒருவர் வந்திருக்கிறார், செலவு செய்திருக்கிறார் என்று தெரிந்ததும் அங்கே வாழ்கிறவர்களும் தெருவைத் தங்களுடையதாகப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பது அந்த அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

2016இல் நியூயார்க் நகரம் அரசுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து உயர்ந்த விளக்குக் கோபுரங்களை நிறுத்தியது. ஆரன் சால்ஃபினும் கூட்டாளிகளும் செய்த அந்த ஆய்வில் இரவு நேர வெளியிடக் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இது வலுவான சான்று; ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் கட்டடங்கள். வெளிச்சம் விழுந்த முற்றத்தை மேலிருந்து பார்க்க எத்தனையோ சன்னல்கள் இருந்தன.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சிகாகோ. அந்த ஊரிலும் வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் உண்டு. 1998இல் தொடங்கி அந்தச் சந்துகளின் 90 வாட் விளக்குகளை எடுத்துவிட்டு 250 வாட் விளக்குகளைப் போட்டார்கள். சோதனைக்கு எடுத்த பகுதியில் பதிவான குற்றங்கள் அதன்பின் 21 சதவீதம் கூடியிருந்ததாக 2000இல் வந்த மதிப்பீடு சொன்னது. விளக்கால்தான் கூடியது என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. முன்பு கண்ணில் படாதது இப்போது பட்டிருக்கலாம், புகார் கூடியிருக்கலாம். எப்படியானாலும் ஆள் பார்க்காத சந்தில் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் பயம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளில் தெருவிளக்குகளை மங்கலாக்கியதையும் நள்ளிரவுக்குமேல் அணைத்ததையும் ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, அதனால் குற்றங்கள் கூடியதற்குச் சான்றில்லை என்றது.

ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிற இந்த ஆய்வுகளை இணைக்கிற இழை ஒன்றை ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் வெளியிட்ட புத்தகத்தில் காணலாம். தெருவைக் காப்பது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், அந்தக் கண்கள் இருந்தால்தான் விளக்குக்குப் பயன் என்பது அவர் வாதம். காயல்பட்டினத்துக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடுக்கில் புது ஆள் நுழைந்தால் நான்கு வீட்டுச் சன்னல்களுக்கு அது தெரிந்துவிடும். அந்தச் சன்னல்களுக்குப் பின்னால் இருக்கிற கண்கள் நன்றாகப் பார்க்க நம் விளக்கு உதவுகிறதா, அவற்றைக் கூச வைக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பெரும்பாலும் கூச வைக்கிறது. இருட்டுக்குக் கண் முழுவதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிரே ஒரு ஃபோகஸ் லைட் பளிச்சென்று அடித்தால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். வயதான கண்ணில், அதுவும் புரை விழத் தொடங்கிய கண்ணில், வெளிச்சம் சிதறிப் பனிமூட்டம்போலப் பரவும். மாடியில் மாட்டிய 50 வாட் விளக்கைச் சன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு விளக்கு தெரியும். விளக்கின் கீழே நிற்கிறவர் தெரிய மாட்டார். விளக்கு எவ்வளவு கடுமையோ, சுவர் மூலையின் நிழலும் அவ்வளவு கருமை. ஒளிந்து நிற்க நினைப்பவருக்கு அந்த நிழல் போதும்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுநிலா வெளிச்சம் தரையில் கால் லக்ஸ் அளவுதான். அதிலேயே நாம் வழி பார்த்து நடக்கிறோம். 5 வாட் எல்.இ.டி. விளக்கு சுமார் 500 லூமென் தரும். எட்டடி உயரத்தில் கீழ்நோக்கிப் பொருத்தினால் நேர் கீழே ஏறத்தாழ 25 லக்ஸ் விழும். முழுநிலாவைப்போல நூறு மடங்கு. ஆள் முகத்தை அடையாளம் காணவும், படிக்கட்டின் விளிம்பைப் பார்க்கவும், பூட்டுத் துவாரத்தில் சாவி போடவும் அது தாராளம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பதால், இருபதடி உயரத்தில் பெரிய விளக்கை மாட்டுவதைவிட எட்டடியில் சின்ன விளக்கை மாட்டுவது தரைக்கு நல்லது. விளக்கின் தலையில் ஒரு தொப்பி இருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலோ வானத்துக்கோ போகாமல் அது தடுக்கும்.

மின்சாரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 50 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்; 5 வாட் விளக்குக்கு நான்கு யூனிட்கூட ஆகாது. 2016 முதல் தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வாசல் விளக்கு தின்பது நியாயமில்லை.

நிறத்தைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானில் பிறந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் மிகுதி. 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். நீல ஒளி தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கும், கண்ணில் அதிகம் சிதறும், பூச்சிகளையும் கூட்டும். வெளிவிளக்குகள் 3000 கெல்வினைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. மஞ்சள் விளக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். விலை ஒன்றுதான்.

இனி உப்பு. என் வீட்டுக்கு முதலில் வாங்கிய விளக்கு இரண்டாவது ஐப்பசியைப் பார்க்கவில்லை. அலுமினிய உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, திருகாணிகள் துருப்பிடித்து இறுகி, கழற்றப் போனால் தலை உடைந்து கையோடு வந்தது. பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டிருந்தது. வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது: அந்த எண்ணில் 6 என்பது தூசி நுழையாது என்பதற்கும், 5 என்பது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் உள்ளே போகாது என்பதற்கும் அடையாளம். உப்பைத் தாங்குமா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

உப்பின் வேலையைக் கடற்கரை ஊர்க்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொண்டல் காற்று கொண்டுவரும் நுண்திவலைகள் காய்ந்து இரும்பின்மேல் உப்புத் தூளாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் ராத்திரிதோறும் விளக்கின்மேல் உப்புநீர் ஒரு படலமாக நிற்கிறது. அலுமினிய உடம்பில் இரும்புத் திருகாணி போட்டால், இரண்டு உலோகமும் நடுவில் உப்புநீருமாக அது ஒரு பேட்டரியே ஆகிவிடும்; அலுமினியம் அரிபடும். இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. எரியும்போது விளக்கு சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். அணைந்து குளிரும்போது ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். விளக்கு மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பது அதனால்தான்.

அனுபவத்தில் தேறியது இது: வெயில் தாங்கும் பாலிகார்பனேட் உடம்புள்ள விளக்கு, எஸ்.எஸ். 316 ரகத் திருகாணி, வயர் நுழையும் துளை அடிப்பக்கம். வயர் விளக்குக்குள் ஏறுவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மேற்புறத்திலும் பக்கங்களிலும் சிலிகான் தடவலாம், அடியில் தடவக்கூடாது. உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், சுவிட்சை அணைத்துவிட்டு. பெட்டியில் 25,000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருப்பது இரவு 12 மணி நேரக் கணக்கில் ஐந்தரை ஆண்டுக்கு மேல். அது எல்.இ.டி. சில்லுக்கான கணக்கு. முதலில் சாவது அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர்; வெப்பமும் ஈரமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதைத்தான் கொல்லும். டிரைவரைத் தனியே மாற்ற முடிகிற விளக்கை வாங்குவது நல்லது.

உப்பு விளக்கைக் கொல்லும். தண்ணீர் ஆளையே கொல்லும். 2023 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழையை இந்த ஊர் மறக்காது. 18ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு வருடத்து மழைக்கு மேல் ஒரே நாளில். தெருவும் முடுக்கும் ஒன்றாகி, வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, மின்சாரம் நாள் கணக்கில் இல்லாமல் போனது. மின்சாரம் திரும்பி வந்தபோது எத்தனை வீடுகளில் முதலில் சுவிட்சைப் போடப் பயந்து நின்றோம்! அந்தப் பயம் நியாயமானது. வெளிவிளக்கின் வயர்தான் வீட்டின் வயரிங்கிலேயே மழைக்கு மிக நெருக்கமாக இருக்கிற வயர். முடுக்கின் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடப்பது நமக்குப் பழக்கம். ஈரச் சுவர், ஈரக் கால், கசியும் மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இந்த விஷயத்தில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது என்பேன். ஆர்.சி.சி.பி. என்ற கருவி ஃபேஸில் போகிற மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடம்பு வழியாகவோ மின்சாரம் தரைக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். சாதாரண எம்.சி.பி. இதைச் செய்யாது, அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். வெளிவிளக்குக்குத் தனியாக ஒரு 6 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால், தண்ணீர் ஏறும்போது வீட்டை இருட்டாக்காமல் அதை மட்டும் அணைக்கலாம். உலோக உடம்புள்ள விளக்கென்றால் எர்த் கட்டாயம். இணைப்புப் பெட்டியை அந்த வருடம் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். பல வீட்டுச் சுவர்களில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் எர்த் இழுக்காமல் இரண்டு வயரோடு வேலையை முடிக்கப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள்.

சூரிய விளக்குக்கு வயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம். வெள்ளத்தில் ஊரே இருண்டு கிடந்தாலும் அது எரியும். மொட்டைமாடிக்கும் கடற்கரையோர வீடுகளுக்கும் நல்லது. முடுக்குக்குள் வெயில் விழுவதே உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம்தான், அங்கே உதவாது. பலகையின்மேல் உப்பும் தூசியும் படிந்தால் மின்சாரம் குறைந்துவிடும், சில வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். நம் ஊரில் 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்திலேயே பலர் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்கள். 5 வாட் விளக்கை அந்த இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிட்டால் முடுக்குக் கவலை தீர்ந்தது.

அசைவைக் கண்டு எரியும் சென்சார் விளக்கு எனக்குப் பிடித்தமானது. அணைந்து கிடந்தது திடீரென எரிந்தால் சன்னல் கண்கள் தானாகத் திரும்பும். விடிய விடிய எரிகிற விளக்கை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பி.ஐ.ஆர். என்ற வகை, உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் நகர்வதைப் பிடிக்கிறது. நேரே எதிரே வருகிறவரைவிடக் குறுக்கே கடக்கிறவரை அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே முடுக்கின் பக்கச் சுவரில், முடுக்குக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். சித்திரை வைகாசி இரவுகளில் சுவரும் காற்றும் ஆளின் மேனிச்சூட்டை நெருங்கிவிடுவதால் அதன் பார்வை குறுகும். அந்த மாதங்களில் உணர்திறன் திருகைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். பூனைக்கும் அது எரியத்தான் செய்யும். மைக்ரோவேவ் வகை நம் முடுக்குக்கு ஆகாது: மெல்லிய சுவரையும் மரக்கதவையும் ஊடுருவி, பக்கத்து வீட்டில் ஆள் நடந்தாலும் எரியும்.

பக்கத்து வீடு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒலி மாசுக்கு 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் விதிகள் வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்று அளவுகூட உண்டு. ஒளிக்கு அப்படி ஒரு விதி இல்லை. என் மாடி விளக்கு அடுத்த வீட்டு முற்றத்தில் விழுந்தால், காற்றுக்காக அங்கே உட்காரும் பெண்கள் உள்ளே எழுந்து போய்விடுவார்கள், சட்டம் கேட்காது. விளக்கோடு கேமராவும் சேர்ந்துவிட்ட இந்தக் காலத்தில் இது இன்னும் கனமான விஷயம். முடுக்கு உருவானதே பெண்கள் பிறர் பார்வை படாமல் போய்வருவதற்காக. அதைப் பாதுகாப்பின் பெயரால் யாரோ ஒருவரின் போன் திரையில் கொண்டுபோய் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமரா வேண்டுமென்றால் தன் கதவை மட்டும் பார்க்கும்படி வைக்கட்டும்.

கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பங்குனி ஆமைகள் தமிழகக் கரையில் தையிலிருந்து பங்குனி வரை முட்டையிட்டுப் போகின்றன. குஞ்சுகள் இரவில் மணலைப் பிளந்து வெளியே வந்ததும், எந்தத் திசை வெளுப்பாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று ஓடுகின்றன. இருட்டுக் கரையில் வெளுப்பாக இருப்பது நட்சத்திர ஒளியைத் திருப்பித் தரும் அலைதான். நம் ஃபோகஸ் லைட் கரையில் எரிந்தால் அவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு ஏறி, நாயிடமும் சக்கரத்திடமும் போய்ச் சேரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கடலின் கரையில்தான் நாம் இருக்கிறோம். கடல் பக்கச் சுவரில் விளக்கே வேண்டாம். வேண்டியே தீருமென்றால் மஞ்சளாக, தொப்பியோடு, நிலத்தைப் பார்த்த வாசல் பக்கம்.

இப்போது எங்கள் முடுக்கில் இருப்பது 5 வாட் மஞ்சள் விளக்கு ஒன்று. அதை எங்கே வைப்பது என்று வயர்மேன் கேட்டபோது, வழக்கம்போலக் கதவுக்கு மேலே என்று சொல்லிவிட்டோம். நோன்பு மாதம் வந்தது. தராவீஹ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி எங்கள் வாசலில் நின்று, "வெளிச்சமெல்லாம் உங்க கதவுலதான் இருக்கு, எனக்கு அந்த மூணாவது படி தெரியல" என்றார். அந்தப் படி கொஞ்சம் உடைந்தது. முடுக்கு அந்த இடத்தில் தாழ்கிறது. மறுநாள் விளக்கைக் கழற்றி நான்கடி தள்ளி, படிக்கு நேராக மாட்டினோம். எங்கள் கதவில் இப்போதும் வேண்டிய வெளிச்சம் விழுகிறது. அன்று இரவு அவர் சுவரைப் பிடிக்காமல் இறங்கிப் போனதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.